கிரயத்துக்கு முன் சாவி

ஆனி மாதக் கடைசி வாரத்தில் மதுரைப் பத்திர எழுத்தர் கடைகளில் தவறாமல் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "பத்திரத்தை ஆவணியில போட்டுக்கலாம்ணே, பாலை மட்டும் இப்பவே காய்ச்சிக்கிறோம்." ஆடி பிறந்துவிட்டால் புது வீட்டுக்குக் குடிபோக மாட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்திருக்கும். குடியிருக்கும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லியிருப்பார். வங்கிக் கடன் மட்டும் வந்து சேர்ந்திருக்காது. விற்பவர் கையில் அட்வான்ஸ் இருக்கிறது, வீடோ பூட்டிக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள்தான். சாவி கைமாறிவிடும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். முத்திரைத்தாளில் கையால் எழுதிய காலம் போய், தட்டச்சு போய், இப்போது கணினியில் அடித்து இணையத்தில் ஏற்றி டோக்கன் வாங்குகிறோம். எழுதும் விதம் எத்தனை மாறினாலும் தகராறு வரும் இடம் மாறவில்லை. என் மேஜைக்கு வந்த வீட்டுச் சண்டைகளில் விலையால் வந்தவை குறைவு. சாவியால் வந்தவையே அதிகம். அதிலும் பாதிக்கு மேல், சாவி கொடுத்ததை எந்தத் தாளிலும் எழுதாததால் வந்தவை.

ஏன் எழுதுவதில்லை? நம்பிக்கை ஒரு காரணம். காசு இன்னொரு காரணம், அதைப் பற்றி யாரும் வெளியே பேசமாட்டார்கள். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தால் முன்பணத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்று பதிவுக் கட்டணம் கட்டுவது வழக்கம். சுவாதீனத்தையும் சேர்த்துக் கொடுப்பதாக எழுதினால் அந்த ஒரு சதவீதம் முழுக் கிரயத் தொகைக்கும் வரும். அறுபது லட்சம் ரூபாய் வீடு, பத்து லட்சம் அட்வான்ஸ் என்று வையுங்கள். சுவாதீனம் இல்லையென்றால் பத்தாயிரம், உண்டென்றால் அறுபதாயிரம். இந்தக் கணக்கைச் சொன்னதும் இரண்டு தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு ஒரே குரலில், "அதை எழுத வேண்டாம்ணே, எங்களுக்குள்ள பேசிக்கிறோம்" என்பார்கள். ஒப்பந்தத்தில் 'சுவாதீனம் கிரயத் தேதியில் ஒப்படைக்கப்படும்' என்று இருக்கும். மறுவாரம் அதே வீட்டில் மாவிலைத் தோரணம் தொங்கும்.

இந்த ஐம்பதாயிரத்தை மிச்சம் பிடித்ததில் யாருக்கு என்ன போகிறது என்பதை விளக்க, ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் நடுவில் அந்த வீடு யாருடையது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு இதில் மழுப்பவில்லை. விற்கிறேன், வாங்குகிறேன் என்ற ஒப்பந்தம் அந்தச் சொத்தில் யாருக்கும் எந்த உரிமையையும் தானாக உண்டாக்காது. பதிவான கிரயப் பத்திரம் வரும்வரை வீடு விற்பவருடையதுதான். சட்டம் வாங்குபவரை முழுக்கக் கைவிடவும் இல்லை. அவர் தன் குற்றத்தால் பின்வாங்காத வரை, கொடுத்த முன்பணத்துக்கு அந்த வீடே ஈடாக நிற்கும் என்று அடுத்த பிரிவில் சொல்கிறது. அதே பிரிவில் விற்பவருக்கும் ஒரு கடமை உண்டு. ஒப்பந்தத்துக்கும் ஒப்படைப்புக்கும் நடுவில் அந்தச் சொத்தையும் பத்திரங்களையும் பொறுப்புள்ள ஒருவர் தன் சொத்தைப் பார்த்துக்கொள்வதுபோல் பாதுகாக்க வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டு எப்படிப் பாதுகாப்பது என்று சட்டத்தில் எழுதவில்லை.

இனி 53ஏ. எங்கள் தெருவில் டீ வாங்கி வரும் பையனுக்குக்கூட இந்த எண் தெரியும். அதே சட்டத்தில் 1929-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த பிரிவு. எழுத்து மூலமான ஒப்பந்தத்தின்படி ஒருவர் சொத்தைச் சுவாதீனம் எடுத்திருக்கிறார், தன் பங்கைச் செய்திருக்கிறார், மீதியையும் செய்யத் தயாராக இருக்கிறார் என்றால், கிரயப் பத்திரம் இன்னும் ஆகவில்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி விற்பவர் அவரை வெளியேற்ற முடியாது. இது தடுத்து நிறுத்தும் உரிமை மட்டுமே. இதை வைத்துக்கொண்டு 'வீடு எனதென்று அறிவியுங்கள்' என்று வழக்குப் போட முடியாது. தவிர, ஒப்பந்தம் இருப்பதே தெரியாமல் முழுப் பணம் கொடுத்து வாங்கிய மூன்றாம் மனிதரிடம் இந்தத் தற்காப்பு செல்லாது.

2001 செப்டம்பர் 24 வரை சாதாரணத் தாளில் எழுதிய ஒப்பந்தத்துக்கும் இந்தப் பாதுகாப்பு இருந்தது. அன்று அமலுக்கு வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு எழுதிய ஒப்பந்தம் பதிவாகியிருந்தால்தான் 53ஏ நிற்கும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரய ஒப்பந்தம் எல்லாவற்றையுமே பதிவு செய்ய வேண்டும் என்றாகிவிட்டது. பதிவு செய்யாத ஒப்பந்தத்தை, கிரயம் முடித்துத் தரச் சொல்லும் வழக்கில் சாட்சியமாக வைக்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சொன்னது. அதைக் கேட்டுவிட்டு, "அப்ப பதிவே வேண்டாமே" என்று வந்தவர்கள் உண்டு. வழக்குப் போட அது உதவும். உள்ளே உட்கார்ந்திருப்பவரை அது காப்பாற்றாது. இரண்டும் வேறு வேறு.

ஜவுளி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வேறெங்கோ எழுதிய ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்தார். இருபது ரூபாய் முத்திரைத்தாள், பதிவு இல்லை. முக்கால்வாசிப் பணம் கொடுத்திருந்தார். குடியேறி ஏழெட்டு வருடம். சொத்து வரி அவரே கட்டினார், மின் கட்டணமும் அவரே. மீதிப் பணத்தைக் கொடுத்துப் பத்திரம் போடுவதை மகள் கல்யாணம், மனைவி ஆபரேஷன் என்று தள்ளிப் போட்டிருந்தார். விற்றவரும் அவசரப்படவில்லை, ஏனென்றால் இருவரும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். விற்றவர் இறந்தார். பிள்ளைகள் மூவர். இரண்டு பேர் 'அப்பா வாக்கு' என்றார்கள். திருப்பூரில் இருந்த மூன்றாமவர், வீட்டின் இன்றைய விலையைச் சொல்லி, "அதைக் கொடுத்தா கையெழுத்து" என்றார்.

கிரயம் முடித்துத் தரச் சொல்லி வழக்குப் போட, ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. தேதி குறிக்காவிட்டால், மறுத்தது தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம். அவர் ஒப்பந்தத்தில் தேதி இருந்தது, கெடு முடிந்திருந்தது. கெடு முடிந்த பிறகும் 53ஏ தற்காப்பு நிற்கும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும். 'பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டால் நமதாகிவிடும்' என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதுவும் இல்லை. ஒப்பந்தத்தின் பேரில் உள்ளே வந்தவர் உரிமையாளர் அனுமதியோடு இருப்பவர், அது எதிரிடை அனுபவம் ஆகாது என்பது 1990-லேயே உச்ச நீதிமன்றத்தில் முடிந்த விஷயம். கடைசியில் சமரசம் பேசி, மீதிப் பணத்தைப்போல் பல மடங்கு கொடுத்துத்தான் பத்திரம் வாங்கினார். மகன் பேரில் கடன் எடுத்தார்கள். பத்திரத்தை நான் எழுதினேன். கையெழுத்து முடிந்ததும் மூன்று பிள்ளைகளும் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அதுதான் நம் ஊர்.

சாவி கொடுத்தவர் படுகிற பாடு வேறு விதம், என் பார்வையில் இன்னும் மோசம். தனியாக வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அட்வான்ஸ் வாங்கிய கையோடு "பெயின்ட் அடிச்சுக்கிறோம் டீச்சர்" என்ற சொல்லை நம்பிச் சாவியைக் கொடுத்தார். வந்தவர்கள் பெயின்ட் அடித்தார்கள், போர் போட்டார்கள், மாடியில் ஓர் அறை எழுப்பினார்கள், ஆதாரில் முகவரியை மாற்றினார்கள். வங்கியிலிருந்து மதிப்பீட்டுக்கு வந்தவர் மாடி அறைக்கு வரைபட அனுமதி கேட்டார், கடன் நின்றது. டீச்சர் வீட்டைத் திரும்பக் கேட்டார். "அறை கட்டின காசு?" என்றார்கள். காவல் நிலையத்தில், "இது சிவில் விஷயம்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். அதில் தவறு இல்லை, சிவில் விஷயம்தான்.

அவர் தம்பி ஆட்களோடு போய்ப் பூட்டை உடைப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்று நான் தடுத்த காரணம் இதுதான். 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவுப்படி, சட்ட வழியில் அல்லாமல் சம்மதமின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். அங்கே வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது. யார் உள்ளே இருந்தார், யார் வெளியே தள்ளினார் என்பது மட்டும்தான். உரிமையாளரே ஆனாலும் பூட்டை உடைத்தால் வழக்கில் எதிராளிக்குக் கை ஓங்கிவிடும்.

அந்த மாடி அறையால் இன்னொரு சிக்கலும் வந்தது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் பழைய சென்னை மாகாணத்தில் தொடக்கம் முதலே நடப்பில் உள்ளது. ஒருவர் அனுமதியின் பேரில் உள்ளே வந்து, அந்த அனுமதியை நம்பிச் செலவு செய்து நிரந்தரமான வேலை எதையாவது கட்டிவிட்டால், கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுக்க முடியாது என்று அதன் 60-ஆவது பிரிவு சொல்கிறது. 'பெயின்ட் அடிக்க' என்று கொடுத்த அனுமதி மாடி அறை வரை போகுமா போகாதா என்பதே ஒரு வாதம். எழுத்தில் எதுவும் இல்லாததால் வாய்க்கு வாய் சாட்சி. வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. அட்வான்ஸோடு அறைக்கும் ஒரு தொகை கொடுத்துத்தான் டீச்சர் வீட்டை மீட்டார்.

ஆகவே சாவியைக் கிரயத்துக்கு முன்னால் கொடுக்காதீர்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது. கேட்பவர்கள் குறைவு. கேட்காதவர்களிடம் இரண்டு வழி சொல்வேன். ஒன்று, பெரும்பகுதிப் பணம் கைமாறிவிட்டது, கிரயம் தள்ளிப்போவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது என்றால், சுவாதீனத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி, முழுத் தொகைக்கும் கட்டணம் கட்டிப் பதிவு செய்துவிடுங்கள். வாங்குபவருக்கு 53ஏ கிடைக்கும். வில்லங்கச் சான்றில் ஒப்பந்தம் ஏறும், பின்னால் வருபவர் 'தெரியாது' என்று சொல்ல முடியாது. விற்பவர் இதற்குச் சம்மதிக்கும் முன் தன் ஆடிட்டரைக் கேட்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் 53ஏ-யின்படி சுவாதீனம் கொடுப்பதே சொத்து மாற்றமாகக் கணக்காகும். பிப்ரவரியில் சுவாதீனம், ஜூலையில் கிரயம் என்றால், லாபத்துக்கு வரி முந்தைய நிதியாண்டுக் கணக்கில் வந்து நிற்கும். பதிவாகாத ஒப்பந்தத்துக்கு இது பொருந்தாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அட்வான்ஸைப் பற்றியும் ஒரு சொல்: 2015 ஜூன் முதல் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது விற்பவருக்கு அபராதம் தேடித்தரும். இன்றும் மஞ்சள் பையில் கட்டுக்கட்டாகக் கொண்டுவருகிறார்கள்.

இரண்டாவது வழி, ஒன்றிரண்டு மாதத்துக்கு மட்டும் சாவி வேண்டும் என்பவர்களுக்கு. ஒப்பந்தத்தில் சுவாதீனம் கிரயத் தேதியில்தான் என்று தெளிவாக எழுதிவிட்டு, தனியாக ஓர் அனுமதிப் பத்திரம் எழுதுவேன். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்தக் காரியத்துக்காக மட்டும், ஒப்பந்தத்தின் பகுதி நிறைவேற்றமாக அல்ல என்று அதில் முதல் வரியிலேயே வரும். சுவரை இடிக்கவோ புதிதாக எழுப்பவோ போர் போடவோ கூடாது. வேறு யாரையும் குடிவைக்கக் கூடாது. இந்த முகவரியில் அட்டை எதுவும் மாற்றக் கூடாது. மின் மீட்டர் எண்ணிக்கையைக் குறித்து, அன்று முதல் கட்டணம் இவர் பொறுப்பு என்று எழுதுவேன். ஃபேன், மோட்டார், கீசர் எத்தனை என்று பட்டியல் போட்டு இருவரிடமும் கையெழுத்து வாங்குவேன். கெடு தாண்டினால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று, வலிக்கிற மாதிரி ஒரு தொகை. மாத வாடகை என்ற பேச்சே வராமல் பார்த்துக்கொள்வேன், ஏனென்றால் வாடகை ரசீது ஒன்று கிடைத்தால் அடுத்த நாள் அவர் வாடகைதாரர்.

இந்தத் தாள் எல்லாவற்றையும் காத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நீதிமன்றம் தலைப்பைப் பார்க்காது, உள்ளே நடப்பதைப் பார்க்கும். வீடு முழுக்க ஒருவர் கையில் இருந்தால் அனுமதி என்ற சொல் பலவீனமாகிவிடும். அதனால் விற்பவர்களிடம் ஒரு யோசனை சொல்வதுண்டு: ஓர் அறையில் உங்கள் பீரோவையும் கட்டிலையும் போட்டுப் பூட்டி வையுங்கள், வாசல் சாவியில் ஒன்று உங்களிடமே இருக்கட்டும், வாரம் ஒருமுறை போய் வாருங்கள். "அவங்க தப்பா நினைப்பாங்களே" என்பார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால்தான் தப்பாக நினைப்பார்கள். முன்னாலேயே சொல்லி எழுதினால் வியாபாரம்.

இன்னொரு வரியையும் இப்போது சேர்க்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் என் உறவினர் ஒருவர், கிரயத்துக்கு முன்பே குடிபோன வீட்டில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். அவர் போட்ட மர அலமாரிகள் ஊறிப்போயின, வீட்டின் கதவுகளும் மோட்டாரும் போயின. கிரயம் ஆகும்வரை சொத்துக்கு நேரும் சேதம் விற்பவர் தலையில் என்பது சட்டத்தின் பொது விதி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை. விற்பவர், "குடியிருந்தது நீங்கள்தானே" என்றார். விலையில் கொஞ்சம் குறைத்து முடித்தார்கள். அதற்குப் பிறகு நான் எழுதும் அனுமதிப் பத்திரங்களில் தீ, வெள்ளம், திருட்டு மூன்றுக்கும் யார் பொறுப்பு என்று ஒரு வரி உண்டு.

பவர் எழுதி, முழுப்பணம் கொடுத்து, சாவியும் வாங்கிக்கொண்டு பத்திரமே போடாமல் இருப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது விற்பனையே அல்ல என்று சொல்லிவிட்டது. இன்னும் செய்கிறார்கள்.

கடைசியாக, வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்துவிட்டு வீடு வாங்க வருபவர்களுக்கு ஒன்று. ஒரு சொத்தில் நேரடியாகக் குடியிருப்பவருக்கு அதில் என்ன உரிமை இருக்கிறதோ அது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 'சான்றில் இல்லை, எனக்குத் தெரியாது' என்ற பேச்சு அங்கே எடுபடாது. எனவே நேரில் போய்க் கதவைத் தட்டுங்கள். உள்ளே இருப்பவர் வாடகைக்கா, ஒத்திக்கா, ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்தவரா என்று அவர் வாயாலேயே கேளுங்கள். எங்கள் ஊரில் ஒத்திக்காரர் என்றால் அவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் கிளப்ப முடியாது, அந்தப் பணத்தை யார் கொடுப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பத்திரப் பதிவுக்குக் கிளம்பும் நாள் காலையில் மறுபடி ஒருமுறை போய், வீடு காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வாருங்கள். 'இன்று சுவாதீனம் ஒப்படைத்தேன்' என்று பத்திரத்தில் எழுதிவிட்டு விற்பவர் உள்ளேயே இருந்தால், அவரைக் கிளப்புவதும் தனி வழக்குதான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சுவாதீனத்தைப் பற்றிய வரி எங்கே இருக்கிறது என்று தேடிப் படியுங்கள். நீங்கள் வாயால் பேசியதும் அங்கே எழுதியிருப்பதும் வேறாக இருந்தால், திருத்தி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கு எந்தப் பத்திர எழுத்தரும் தனியாகக் காசு கேட்க மாட்டார்.